சேந்த் மோர் த தூரேன்: ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியைச் செய்யவும் தேர்ந்து வாங்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

பிரான்சில் தூர் நகரிலிருந்து தெற்கே புவாத்தியே நோக்கிச் செல்லும் பழைய நெடுஞ்சாலையில் சேந்த் மோர் த தூரேன் என்னும் சிற்றூர் இருக்கிறது. அதன் பெயரைத் தாங்கிய பாலாடைக்கட்டி, சாம்பல் நிறத் தோல் போர்த்த நீண்ட உருளை வடிவம் கொண்டது. ஒரு முனை சற்றுப் பருத்தும் மறுமுனை சற்று ஒடுங்கியும் இருக்கும். நீளம் 16 முதல் 18 சென்டிமீட்டர், எடை ஏறத்தாழ 250 கிராம். முனையிலிருந்து முனை வரை ஒரு வைக்கோல் தண்டு அதன் நடுவே ஓடும். வெட்டிப் பார்த்தால் உள்ளே சதை சுண்ணாம்பு போல வெள்ளையாக இருக்கும். பசும்பாலுக்கு மஞ்சள் சாயல் தரும் கரோட்டின் ஆட்டுப்பாலில் அநேகமாக இல்லை என்பதே அந்த வெண்மைக்குக் காரணம்.

இந்தக் கட்டியைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதன் தோலையும் முதிர்ச்சியையும் விரிவாகப் பேசுவார்கள். என் கருத்தில், பால் உறையும் முதல் நாளிலும் நீர் வடியும் இரண்டாம் நாளிலுமே இதன் தரம் முடிவாகிவிடுகிறது. பின்னால் வரும் வாரங்கள் அந்த இரண்டு நாளில் நடந்ததை வெளிக்காட்டுகின்றன. ஆகவே இவ்வழிகாட்டி அந்த இரண்டு நாளில் அதிகம் நின்று, மற்றவற்றை அவற்றுக்குத் தேவையான அளவில் சொல்லிச் செல்லும்.

பெயருக்கு உள்ள காவல்

1990-இல் பிரெஞ்சு அரசின் ஏ.ஓ.சி. என்னும் தோற்ற இடப் பாதுகாப்பும், 1996-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏ.ஓ.பி. பாதுகாப்பும் இதற்குக் கிடைத்தன. ஆந்த்ர் ஏ லுவார் மாவட்டத்திலும், அதை ஒட்டிய லுவார் ஏ ஷேர், ஆந்த்ர், வியென் மாவட்டங்களின் சில பகுதிகளிலும் செய்ததற்கே இந்தப் பெயர் செல்லும். பால் முழுக் கொழுப்புள்ள, காய்ச்சாத பச்சை ஆட்டுப்பாலாக இருக்க வேண்டும். உறை சேர்த்த நாளிலிருந்து குறைந்தது பத்து நாள் கட்டி முதிர வேண்டும். நீர் நீங்கிய எடையில் குறைந்தது 45 விழுக்காடு கொழுப்பு இருக்க வேண்டும். ஆனால் "த தூரேன்" என்ற சொற்கள் இல்லாமல் வெறும் "சேந்த் மோர்" என்ற பெயரில் விற்கப்படும் நீளக் கட்டிகளுக்கு இவ்விதிகளில் எதுவும் பொருந்தாது. அவை வேறு பகுதிகளில், பெரும்பாலும் ஆலைகளில், பாஸ்டரைஸ் செய்த பாலிலிருந்து வருபவை. இரண்டும் கடையில் ஒரே தட்டில் அருகருகே கிடப்பதால்தான் ஏமாறுவது எளிதாகிறது.

கி.பி. 732-இல் புவாத்தியே போரில் தோற்றுப் பின்வாங்கிய அரபுப் படையோடு வந்த பெண்கள் சிலர் இங்கேயே தங்கி, ஆடு வளர்ப்பையும் கட்டி செய்வதையும் ஊராருக்குக் கற்றுக்கொடுத்தார்கள் என்று ஒரு கதை வழங்குகிறது. ரோமானியர் காலத்திலேயே அந்நாட்டில் ஆடுகள் இருந்தன; ஆகவே இதைக் கதையாகக் கேட்டுக்கொள்வதே நல்லது.

அந்த எல்லைக்கு வெளியே, கீழே சொல்லும் முறையில் நீங்கள் செய்வது எவ்வளவு நன்றாக வந்தாலும், தூரேன் முறையில் செய்த ஆட்டுப்பால் கட்டி என்றுதான் அதைச் சொல்ல முடியும். அதன் பெயரில் விற்க முடியாது.

படி 1: பாலைத் தேர்தல்

ஒரு கட்டிக்கு ஏறத்தாழ 2 லிட்டர் பால் செல்லும். முதல் முயற்சிக்கு நாலரை லிட்டர் எடுத்துக்கொண்டால் இரண்டு கட்டி வரும். தூரேன் பண்ணைகளில் ஆல்பைன், சானென் ஆகிய இரண்டு இன ஆடுகளே பெரிதும் கறக்கப்படுகின்றன. ஆடுகள் இயல்பாகப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் குட்டி ஈனுவதால், வசந்தம் முதல் இலையுதிர் காலம் வரை கிடைக்கும் கட்டிகளே சிறந்தவை என்ற எண்ணம் அங்கே உண்டு. இப்போது பல பண்ணைகள் மந்தையின் ஒரு பகுதியைப் பருவம் மாற்றி ஈனச் செய்து, குளிர்காலத்திலும் பால் எடுக்கின்றன.

பச்சைப் பாலைப் பயன்படுத்துவதா என்பதில் கண்டிப்பு வேண்டும். ஆட்டின் பச்சைப் பாலில் புருசெல்லா, லிஸ்டீரியா போன்ற கிருமிகள் இருக்கக்கூடும். தூரேனில் மந்தைகளையும் பாலையும் தொடர்ந்து சோதிக்கும் ஏற்பாடு இருப்பதாலேயே அங்கு பச்சைப் பால் சாத்தியமாகிறது. அத்தகைய சோதனை இல்லாத பாலை 63 பாகை செல்சியஸில் 30 நிமிடம் வைத்திருந்து, உடனே குளிர்வித்துப் பயன்படுத்துங்கள். கொதிக்க விடாதீர்கள், பொங்கக் காய்ச்சிய பாலும், மிகு வெப்பத்தில் பதப்படுத்தி அட்டைப்பெட்டியில் வரும் நீண்டநாள் பாலும் இந்த வகைக் கட்டிக்குச் சரியான உறைவைத் தருவதில்லை. வெப்பப்படுத்திய பாலில் கால்சியம் குளோரைடு கரைசலைக் கால் தேக்கரண்டி அளவு, சிறிது நீரில் கலந்து சேர்த்தால் உறைவு கொஞ்சம் உறுதிப்படும்.

படி 2: புளிப்பேற்றி உறையவைத்தல்

ஒரு பாலாடைக்கட்டி உறைவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ரென்னெட் என்னும் நொதியை நிறையச் சேர்த்தால், பால் அரை மணி, முக்கால் மணி நேரத்தில் துள்ளும் தன்மையோடு உறைந்துவிடும்; கெட்டியான சீஸ்கள் அவ்வழியில் வருபவை. சேந்த் மோர் அதற்கு நேர்மாறானது. இதில் பாக்டீரியாக்கள் பாலின் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றி, மெல்ல மெல்லப் புளிப்பேற்றுகின்றன. நம் வீட்டில் இரவு உறை ஊற்றி வைத்த பால் விடியலில் தயிராவது போன்ற வேலைதான், ஆனால் இன்னும் குளிர்ந்த சூட்டில், இன்னும் நீண்ட நேரத்தில் நடப்பது. ரென்னெட் பெயருக்குத்தான் சேரும்: கெட்டிச் சீஸுக்குப் போவதில் ஐந்தில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவு.

பாலை 20 முதல் 22 பாகை வரை கொண்டு வாருங்கள். மீசோஃபிலிக் என்ற வகையைச் சேர்ந்த, மிதச் சூட்டில் வேலை செய்யும் உறைத்தூளைப் பொட்டலத்தில் சொன்ன அளவுக்குத் தூவி, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, மேலும் கீழுமாக மென்மையாகக் கலக்குங்கள். தூரேன் பண்ணைகளில் முந்தைய நாள் கட்டியிலிருந்து வடிந்த தெளிநீரையே உறையாகச் சேர்க்கும் பழக்கம் இன்றும் இருக்கிறது. பண்ணையின் நுண்ணுயிர்க் குடும்பம் அப்படியே கைமாறிச் செல்வதால், ஒரு பண்ணையின் சுவை அடுத்த பண்ணைக்கு வருவதில்லை. வெப்பப்படுத்திய பாலில் இந்தக் குடும்பம் இருக்காது என்பதால், ஜியோட்ரிகம் கேண்டிடம் என்னும் பூஞ்சணத் தூளையும் ஒரு சிட்டிகை சேர்க்க வேண்டும். தோலை உருவாக்கப் போவது அதுதான்.

ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து, ஆறிய கொதிநீர் இரண்டு மேசைக்கரண்டியில் நான்கு அல்லது ஐந்து சொட்டுத் திரவ ரென்னெட்டைக் கரைத்துச் சேர்த்து, அரை நிமிடம் கலக்கிவிட்டு நிறுத்துங்கள். குளோரின் கலந்த குழாய் நீர் நொதியைக் கெடுத்துவிடும். பிறகு பாத்திரத்தை மூடி, 20 பாகை அளவிலேயே, அசைக்காமல் ஏறத்தாழ 24 மணி நேரம் வைத்திருங்கள்.

இந்த ஒரு நாளில் நடப்பதைப் புரிந்துகொண்டால், பிந்தைய படிகள் எல்லாவற்றுக்கும் காரணம் தானே விளங்கும். பாலின் பிஎச் அளவு (புளிப்பைக் காட்டும் எண்; அது குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 6.6 அல்லது 6.7-இலிருந்து 4.5 அருகே இறங்குகிறது. அப்படி இறங்கும்போது, கேசின் புரதத் திரள்களைப் பிணைத்து வைத்திருந்த கால்சியம் கரைந்து தெளிநீருக்குள் போய்விடுகிறது, பிஎச் 4.6 அளவில் புரதங்கள் ஒன்றையொன்று விலக்கும் மின்னேற்றத்தை இழந்து ஒட்டிக்கொள்கின்றன. விளைவாகக் கிடைப்பது நூலாக இழுபடாத, சூட்டில் உருகி ஓடாத, தொட்டால் உடையும் மெல்லிய உறைவு. இதை அழுத்தவோ சூடேற்றவோ முடியாது. தன் எடையிலேயே தானாக வடிய விட வேண்டும். வெப்பம் 25 பாகையைத் தாண்டினால் புளிப்பு வேகமாக ஏறி, கட்டி பின்னால் மணல் போல உதிரும். 17 பாகைக்குக் கீழே போனால் புளிப்பு மந்தமாகி, வேண்டாத கிருமிகளுக்கு நேரம் கிடைக்கும். சென்னையில் கோடைக்காலத்தில் இதைச் செய்ய நினைப்பவர் அறையின் சூட்டை நம்ப முடியாது. குளிர்நீர்த் தொட்டியிலோ குளிரூட்டிய அறையிலோதான் பாத்திரத்தை வைக்க வேண்டும்.

உறைவு தயாராகிவிட்டதற்கு மூன்று அறிகுறிகள் உண்டு: மேலே ஒரு விரல் அளவு தெளிநீர் நிற்கும், உறைவு பாத்திரத்தின் விளிம்பை விட்டுச் சற்றே விலகியிருக்கும், கத்தி நுனியால் கீறினால் பிளவு சுத்தமாகத் திறக்கும். வாசனை தயிருக்கும் பச்சை வால்நட் பருப்புக்கும் இடையில் இருக்கும். உறைவில் குமிழித் துளைகள் தெரிந்தாலோ, உறைவு முழுவதும் மேலே மிதந்தாலோ, கோலிஃபார்ம் கிருமிகளோ காட்டு ஈஸ்ட்டோ புகுந்திருக்கின்றன என்று பொருள். அதை ருசி பார்க்காமல் கொட்டிவிட்டுப் பாத்திரங்களைக் கொதிநீரில் கழுவுங்கள்.

படி 3: அச்சில் வார்த்தல்

பக்கங்களிலும் அடியிலும் துளைகள் கொண்ட, உயரமான, சற்றே ஒடுங்கும் உருளை அச்சுகள் வேண்டும். அவற்றைச் சட்டம் பதித்த தட்டின் மேல் நிறுத்தி, அகலமான தட்டையான கரண்டியால் உறைவை மெல்லிய பாளங்களாக எடுத்து, ஒன்றன் மேல் ஒன்றாக இறக்குங்கள். கரண்டியைச் சாய்த்துக் கொட்டாமல், அச்சின் உள்ளே இறக்கி, பாளத்தை வழுக்கி வெளியே விட வேண்டும். பாளம் உடையாமல் போனால் உள்ளே மெல்லிய அடுக்குகள் உருவாகி, சதை நேர்த்தியாக, வெண்ணெய் போல வரும். கொட்டினால் துகள்கள் நெருங்கி, தெளிநீர் ஒழுங்காக வடியாது, கொழுப்பும் அதோடு போய்விடும். அந்த நீர் தெளிவாக, இளம் பச்சைக் கலந்த மஞ்சளாக இறங்க வேண்டும். பால் போல வெளுத்து வந்தால் கை அவசரப்பட்டிருக்கிறது. துணியில் கட்டித் தொங்கவிட்டு முன்னாலேயே வடித்துவிட்டு அச்சில் திணிப்பவர்களும் இருக்கிறார்கள். நேரம் மிச்சமாகும் என்பதைத் தவிர அதில் எனக்கு நன்மை தெரியவில்லை.

முதல் அரை மணியிலேயே உறைவு பாதிக்கு மேல் அமிழ்ந்துவிடும். அமிழ அமிழ மேலே நிரப்பிக்கொண்டே இருங்கள். நிரப்பி முடித்த பின், 20 பாகை அறையிலேயே 24 மணி நேரம் வடியட்டும். கட்டி தன் உருவத்தைப் பிடித்துக்கொண்டதும், அதாவது பத்துப் பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பின், அச்சைத் தலைகீழாகத் திருப்பிக் கட்டியை உள்ளங்கையில் வாங்கி, மறுமுனை கீழே வரும்படி அச்சிலேயே திரும்ப வைத்தால் இரு முனைகளும் சமமாக வடியும். இப்போது அது ஈரமான சோப்பைப் போலப் பிடியில் வழுக்கும், அவசரம் வேண்டாம்.

படி 4: வைக்கோல், உப்பு, கரி

கால்சியம் இழந்த உறைவால் பதினேழு சென்டிமீட்டர் நீளத்தைத் தன்னால் தாங்க முடியாது. திருப்பும்போது நடுவில் ஒடியும். வைக்கோல் தண்டு வந்தது அதற்காகத்தான். உள்ளே காற்று போவதற்காக என்று சிலர் சொல்வதுண்டு. ஆனால் ஒரு முதுகெலும்பாக அது செய்யும் வேலை கண்ணுக்கே தெரிகிறது. தூரேனில் கோதுமைக்கு உறவான ரை தானியத்தின் தண்டையே பெரிதும் பயன்படுத்துகிறார்கள். பாதுகாக்கப்பட்ட கட்டியில் அந்தத் தண்டின் மேலேயே கட்டியின் பெயரும் தயாரிப்பாளரின் அடையாள எண்ணும் மிகச் சிறிய எழுத்துகளில் எரித்துப் பொறிக்கப்பட்டிருக்கும். வீட்டில் செய்வோர் பூச்சிமருந்து படாத கோதுமை அல்லது ரை வைக்கோலைத் தேர்ந்து, பத்து நிமிடம் கொதிக்கவைத்து, உலர்த்தி, அச்சிலிருந்து எடுத்த கட்டியின் ஒடுங்கிய முனையிலிருந்து சுழற்றியபடி மெல்லச் செலுத்தினால் போதும்.

அடுத்து உப்பும் கரியும். உணவுக்கு உரிய தாவரக் கரிப்பொடி ஒரு பங்குக்கு நுண்ணிய உப்பு மூன்று அல்லது நான்கு பங்கு, கரண்டி அளவில் கலந்து, ஒரு கட்டிக்கு உப்பு மட்டும் ஒரு தேக்கரண்டி வரும் கணக்கில், சல்லடை வழியே எல்லாப் பக்கமும் தூவுங்கள். அடுப்புக்கரியும் தீமூட்டும் கரியும் இதற்கு ஆகாது. கரி மேற்பரப்பின் ஈரத்தை வாங்கி, அங்குள்ள புளிப்பைச் சற்றுத் தணித்து, நல்ல பூஞ்சணங்கள் குடியேற இடம் செய்து கொடுக்கிறது. ஊருக்கே அடையாளமான அந்தச் சாம்பல் நிறத்துக்கு இதுதான் ஆரம்பம்.

படி 5: உலர்த்தல்

உப்பிட்ட கட்டிகளை 14 முதல் 18 பாகை வெப்பத்தில், மெல்லிய காற்றோட்டத்தில் ஒன்று முதல் இரண்டு நாள் உலர விடுங்கள். தொட்டால் கையில் ஈரம் ஒட்டக் கூடாது. அதே சமயம் தோல் வெடிக்கவும் கூடாது. மின்விசிறியை நேரே திருப்பினால் வெளிப்பக்கம் இறுகி உள்ளீரம் சிக்கிக்கொள்ளும்.

படி 6: முதிரவைத்தல்

இனி 10 முதல் 12 பாகை வெப்பமும் 85 முதல் 95 விழுக்காடு ஈரப்பதமும் வேண்டும். தூரேன் பகுதியில் டூஃபோ என்னும் மென்மையான வெண் சுண்ணாம்புக் கல்லைக் குடைந்த நிலவறைகள் நிறைய உண்டு. அவற்றின் குளிர்ந்த ஈரம் இதற்குப் பொருத்தமானது. இன்று பண்ணைகளில் இந்த வேலையைப் பெரும்பாலும் குளிர்சாதன அறைகளே செய்கின்றன. வீட்டில், மது வைக்கும் சிறு குளிர்பெட்டிக்குள் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை வைத்து, அதன் அடியில் கம்பித்தட்டுப் போட்டு, அதன் மேல் கட்டிகளைப் பரப்பினால் அறையின் சூழல் வந்துவிடும். தினமும் ஒரு முறை திருப்புங்கள். மூடியின் உட்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தால் துடைத்து, மூடியைச் சிறிது திறந்து வையுங்கள்.

மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாளுக்குள், கரியின் மேல் வெண்மையான மெல்லிய படலம் சுருக்கங்களோடு எழும். அது ஜியோட்ரிகம். ஒரு வாரம் கடந்ததும் பெனிசிலியம் இனப் பூஞ்சணங்கள் நீலச் சாம்பல் புள்ளிகளாகத் தலைகாட்டும். இந்த உயிர்கள் மேற்பரப்பின் லாக்டிக் அமிலத்தைத் தின்று தீர்ப்பதால் தோலின் கீழே புளிப்பு குறைகிறது. அப்போது அங்குள்ள புரதங்கள் நொதிகளுக்கு இடம் கொடுத்து நெகிழ்கின்றன. ஆகவே கட்டி வெளியிலிருந்து உள்நோக்கியே முதிரும்: பத்து நாள் கட்டியைக் குறுக்கே வெட்டினால் தோலுக்குக் கீழே நூல் கனத்தில் ஒரு மினுமினுப்பான வளையம் தெரியும்; மூன்று வாரத்தில் அது இன்னும் அகன்றிருக்கும். கொழுப்பிலிருந்து பிரியும் காப்ரோயிக், காப்ரிலிக், காப்ரிக் அமிலங்கள்தான் ஆட்டின் மணத்தைக் கொண்டுவருபவை. கட்டி வயதாக ஆக அந்த மணம் வலுக்கும்.

தவறுகள் இந்தப் படியில் தெரிந்தாலும் அவற்றின் வேர் பெரும்பாலும் முந்தைய படிகளில்தான் இருக்கும். தேரைத்தோல் போல அடர்ந்து சுருங்கி, தோல் சதையை விட்டு வழுக்கிக் கழன்று வந்தால், வடிதலும் உலர்த்தலும் போதவில்லை. ஈரம் மிகுந்த கட்டியில் ஜியோட்ரிகம் கட்டுமீறி வளர்ந்திருக்கிறது. நீண்ட சாம்பல் மயிர் போல மியூகோர் பூஞ்சணம் எழுந்தால் (பிரெஞ்சுக்காரர்கள் அதைப் பூனைமயிர் என்பார்கள்) காரணம் அதே ஈரம்தான். தொடக்கத்திலேயே உப்பிட்ட துணியால் துடைத்து, கட்டியைக் காற்றோட்டத்துக்கு மாற்றினால் சில வேளை தப்பும். உள்ளே உலர்ந்து, கடித்தால் சுண்ணாம்பு போல உதிர்ந்தால் முதல் நாளின் சூடு அதிகம். கறுப்பு, செம்மஞ்சள், இளஞ்சிவப்பு நிறத்தில் எது வந்தாலும் அந்தக் கட்டி குப்பைக்கு உரியது. அதில் பேரம் பேசாதீர்கள்.

பத்தாம் நாளில் கட்டி மென்மையாக, புளிப்பு மேலோங்கி இருக்கும். எனக்கு மிகவும் பிடித்தது மூன்று வாரம் ஆன, நீலம் பரவிய, கத்திக்குச் சற்று எதிர்ப்புக் காட்டும் நிலை. அதில்தான் வால்நட் சுவை வெளிப்படும். ஐந்து வாரத்தைத் தாண்டியதும் கட்டி சுருங்கி, கெட்டியாகி, காரமேறிவிடும்.

கடையில் தேர்தல்

பிரான்சில் வாங்குவோர் வெறும் வைக்கோலைப் பார்த்து நின்றுவிடாமல், தண்டின் மேல் பொறித்த எழுத்தைத் தேட வேண்டும். வைக்கோல் மட்டும் இருந்து எழுத்து இல்லையென்றால், அது பாதுகாக்கப்பட்ட கட்டி அன்று. உறையில் சிவப்பும் மஞ்சளுமான வட்ட ஏ.ஓ.பி. முத்திரையும், பச்சைப் பால் என்பதைக் குறிக்கும் "லே க்ரூ" என்ற சொற்களும் இருக்க வேண்டும். "ஃபெர்மியே" என்று போட்டிருந்தால் தன் சொந்த மந்தையின் பாலில் பண்ணையாளரே செய்தது. "லெத்தியே" என்றால் பல பண்ணைகளின் பாலைச் சேர்த்துப் பால்நிலையம் செய்தது. கட்டியைக் கையில் வாங்கிப் பார்க்க முடிந்தால், நடுவில் விரலால் இலேசாக அழுத்துங்கள். ஒரே சீராக இணங்க வேண்டும். அம்மோனியா நெடி மூக்கைத் துளைத்தால் நெடுநாள் உறைக்குள் மூச்சுமுட்டிக் கிடந்திருக்கிறது.

கருவுற்ற பெண்கள், சிறு குழந்தைகள், நோய் எதிர்ப்பு ஆற்றல் குறைந்தவர்கள் ஆகியோர் பச்சைப் பாலில் செய்த கட்டியைத் தவிர்க்க வேண்டும் என்பது பிரான்சிலேயே மருத்துவர்கள் சொல்லும் அறிவுரை.

வெட்டுதலும் பரிமாறுதலும்

உண்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே குளிர்பெட்டியிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். முதலில் வைக்கோலை ஒரு முனையில் பிடித்துச் சுழற்றி உருவுங்கள். உருவாமல் வெட்டினால் தண்டு நசுங்கி, ஒவ்வொரு வில்லையின் நடுவிலும் சிராய்கள் தங்கும். பருத்த முனையிலிருந்து தொடங்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். ஒடுங்கிய முனையில் தொடங்கினால் ஆட்டின் காம்பை வெட்டியது போலாகும் என்று அங்கே வேடிக்கையாகச் சொல்வார்கள். மெல்லிய கத்தியை வெந்நீரில் நனைத்துத் துடைத்து, ஒரு சென்டிமீட்டர் கனத்தில் வட்ட வில்லைகளாக வெட்டுங்கள். தோலைச் சீவாதீர்கள், மூன்று வாரக் கட்டியில் பாதிச் சுவை அதில்தான் இருக்கிறது.

இதன் துணை அதே மண்ணில் விளைந்தது: இளங்கட்டிக்கு இனிப்பில்லாத வூவ்ரே வெள்ளை ஒயினும், முதிர்ந்ததற்கு மென்மையான ஷினோன் சிவப்பு ஒயினும் பொருந்தும். ஒயின் அருந்தாதவர்களுக்குப் புளித்த மாவு ரொட்டி, வால்நட், அதிக மணமில்லாத தேன் ஆகியவை போதும். ரொட்டித் துண்டின் மேல் வில்லையை வைத்து அடுப்பில் வாட்டி, கீரைச் சாலட்டின் மேல் பரிமாறுவதும் பிரெஞ்சு வழக்கம்தான். அதற்கு இளங்கட்டியை எடுங்கள். அது உருகி ஓடாமல் மேலே பொன்னிறமாகிச் சூடேறும். முதிர்ந்த கட்டியை வாட்டினால் காரம் மட்டுமே மிஞ்சும்.

மிச்சமானதைப் பிளாஸ்டிக் படலத்தில் சுற்றாமல், மெழுகுத் தாளில் தளர்வாகச் சுற்றிக் காய்கறி அறையில் வையுங்கள். வெட்டிய முகத்தில் மட்டும் சிறு தாள் துண்டு ஒன்றை ஒட்டி வைத்தால் ஒரு வாரம் நன்றாக இருக்கும். அதற்குமேல் உலர்ந்து இறுகினால், துருவி வேகவைத்த உருளைக்கிழங்கின் மேல் தூவலாம்.